சாத்துவதற்கு ஒரு கதவு

ஜூன் 22, ஞாயிறு

காரில் உட்கார்ந்து எழுதுகிறேன். எங்கேயும் போகவில்லை, கார் ஷெட்டில்தான் நிற்கிறது. இந்த வீட்டில் சாத்தினால் சாத்திக்கொள்கிற பொருள்கள் என்று பார்த்தால் வாசல் கதவு, ஃப்ரிட்ஜ், இந்தக் கார். ஃப்ரிட்ஜுக்குள் உட்கார முடியாது. அதனால் இங்கே.

காலையிலிருந்து கூட்டம். ஒரு கட்டடக்கலைக் கல்லூரியிலிருந்து வேன் நிறையப் பிள்ளைகள் வீட்டைப் பார்க்க வந்திருந்தார்கள். மதுரைக்கு வருகிறவர்கள் மீனாட்சியைக் கும்பிட்டுவிட்டு, அழகர்கோயில் சாலையில் எங்கள் வீட்டையும் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். வீட்டுக்குப் பெயர் ‘வெளி’. கட்டியவர் என் வீட்டுக்காரர் அறவாழி, ஆர்க்கிடெக்ட். பூசாத செங்கல், வளைந்த சுவர்கள், நடுவில் வானம் பார்த்த முற்றம், சிவப்பு ஆக்சைடு தரை. இதெல்லாம் வேறு வீடுகளிலும் உண்டு. உள்ளே ஒரு கதவுகூடக் கிடையாது என்பதுதான் இதன் கீர்த்தி.

“வெளிச்சமும் காத்தும் யாருகிட்டயும் அனுமதி கேக்காம நடமாடணும்,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வாயைப் பிளந்தபடி செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

“பெட்ரூமுக்குமா சார் கதவில்ல?”

“இல்ல. ஒரு ஆர்ச்சு மட்டும்.”

“பாத்ரூம் சார்?”

“சுவரே நத்தைக் கூடு மாதிரி சுத்திக்கிட்டு உள்ள போகும். வெளிய இருந்து எதுவும் தெரியாது. கதவு எதுக்கு?”

அந்த நத்தைக் கூட்டுக்குள் அப்போது நான் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை முதல் ஊசி போட்டிருக்கிறார்கள். மார்பில் கட்டி. முதலில் ஊசிகள், கட்டி கரைந்த பிறகு ஆபரேஷன் என்கிறார் டாக்டர். பள்ளிக்கூடத்தில் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. என் பத்தாம் வகுப்புக்கு வேறு கணக்கு டீச்சர் வந்துவிட்டாள்.

வெளியே இருந்து பார்த்தால் தெரியாது, சரி. சத்தம்? இந்த வீட்டில் ஒரு மூலையில் குண்டூசி விழுந்தால் மறு மூலையில் கேட்கும் என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். இன்றைக்கு மட்டும் அதைச் சொல்லவில்லை. திடீரென்று தொண்டை கிழியக் கூரையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். எங்கேயிருந்து செங்கல் வந்தது, எப்படி அடுக்கினோம் என்று ஒரே கத்தல். இங்கே பொண்டாட்டி குடல் வெளியே வருகிற மாதிரி ஓங்கரிக்கிறாள், மனுஷனுக்குக் கூரை.

எனக்கு அழ வேண்டும். வாய்விட்டு, மூக்கு ஒழுக, அசிங்கமாக அழ வேண்டும். ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து ஒரு சொட்டு விடவில்லை. இந்த வீட்டில் யாராவது விசும்பினால் போதும், ஒரே நிமிஷத்தில் தண்ணீர் டம்ளரோடு வந்து எதிரே நிற்பார். அப்போது அவர் முகம் போகிற போக்கை என்னால் பார்க்க முடியாது.

எனக்கு ஒரு கதவு வேண்டும். அவ்வளவுதான்.

ஜூன் 24, செவ்வாய்

காப்பி குடிக்கும்போது கேட்டேவிட்டேன்.

“ஏங்க, படுக்கிற ரூமுக்கு ஒரு கதவு போடுவோம்.”

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

“எதுக்கு?”

“சாத்துறதுக்கு.”

“சாத்திட்டு?”

“சாத்திட்டுச் சும்மா இருக்க.”

டம்ளரைக் கீழே வைத்தார். எடுத்தார். திரும்ப வைத்தார். “அந்த ஆர்ச்சுல நிலை உக்காராது இந்திரா. வளைவு அது. அடுத்த மாசம் பத்திரிகைக்காரய்ங்க படம் எடுக்க வர்றாய்ங்க. எடுத்துட்டுப் போகட்டும். பெறகு பாப்போம்.”

“பெறகுன்னா எப்ப?”

“பெறகுதான்.”

ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்துவிட்டு இப்படித்தான் பதில் சொல்வார்கள். அவர்களையாவது வெளியே நிற்க வைக்கலாம்.

ஜூன் 30, திங்கள்

கார் இல்லை. சைட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜூலை 4, வெள்ளி

திருமங்கலத்திலிருந்து நாத்தனார் வந்திருக்கிறார். செண்பகம் என்று பெயர், நான் மதினி என்று கூப்பிடுவேன். என் வீட்டுக்காரருக்கு அக்கா. ஒரு கூடை நாட்டுக்கோழி முட்டையும், ஊர் முழுக்கக் கேட்கிற குரலும் கொண்டு வந்தார். இனி இங்கேதான் இருக்கப் போகிறாராம், எனக்குச் சமைத்துப் போட.

வந்த கையோடு ஆரம்பித்துவிட்டார். “நெலை வெக்காத வீடு இது. அன்னைக்கே தலையால தண்ணி குடிச்சுச் சொன்னேன். கேட்டானா எந் தம்பி?”

வீடு கட்டும்போது கதவு நிலை நிறுத்துவது எங்கள் பக்கம் ஒரு விசேஷம். நிலைக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, மாவிலை கட்டி, அடியில் நவதானியம் போட்டு, சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு கை பிடித்து நிறுத்துவார்கள். இந்த வீட்டில் வாசலுக்கு மட்டும் அது நடந்தது. உள்ளே நிலையே இல்லை என்றதும் வந்த சனம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது.

“மறிச்சு நிக்க ஒரு கதவு இல்ல. நோக்காடு உள்ள வராம என்ன செய்யும்?”

“மதினி, கேன்சருக்குக் கதவு தொறக்கத் தெரியாதுன்னு உங்ககிட்ட யாரு சொன்னா?”

அந்த வார்த்தையைச் சொன்னதும் கப்சிப். அப்புறம் என் காலை எடுத்து மடியில் வைத்துப் பிடித்துவிட்டார். இந்த வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்கிற ஒரே ஆள் நான்தான் என்று அப்போதுதான் கவனித்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

முடி கொட்டுகிறது. சீப்பில் வந்தால் பரவாயில்லை, தலையணையில் கிடந்தாலும் சரி. இந்த வீட்டில் காற்றுக்குத் தடையே இல்லையே. முற்றத்துக் காற்று என் முடியைச் சுருள் சுருளாக உருட்டிக்கொண்டு ஹால், அடுப்படி, அவர் வரைகிற மேசை என்று எல்லா இடத்துக்கும் கொண்டுபோய்ப் போடுகிறது. சிவப்புத் தரையில் பளிச்சென்று தெரிகிறது. காலையில் அவர் குனிந்து குனிந்து எதையோ பொறுக்கி ஜிப்பா பாக்கெட்டில் போட்டுக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டதற்கு, “ஒண்ணுமில்ல, ஆணி,” என்றார்.

ஆணியா? ஆணி எப்படி இருக்கும் என்று காட்டினேன். பழைய நீலச் சுங்குடிச் சேலையை எடுத்தேன். அவருடைய உயிரான அந்தச் செங்கல் வளைவில் இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக ஆணி அடித்து, கயிறு கட்டி, சேலையைத் தொங்கவிட்டேன். சுத்தியல் சத்தம் வீடு முழுக்க எதிரொலித்தது. நன்றாக இருந்தது.

மாலையில் வந்து ஆணியைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “காப்பி குடிச்சியா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஜூலை 10, வியாழன்

இரண்டாவது ஊசி. சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருக்கும்போது போனில் வீடுகளின் படங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது எனக்குப் பழைய பைத்தியம். கல்யாணத்துக்கு முன்பு பத்திரிகைகளில் வரும் அழகான அறைகளின் படங்களை வெட்டி ஒட்டி வைத்திருந்தேன். பெண் பார்க்க வந்த அன்றைக்கு இவர் அதைப் புரட்டிவிட்டு, “இந்த ஜன்னல் தப்பான பக்கம் இருக்கு,” என்று சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தில் விழுந்தவள் நான். ‘வெளி’யின் வரைபடத்தை முதலில் பார்த்துக் கைதட்டியவளும் நானே. கதவே இல்லையா, அட என்ன அழகு என்று.

இப்போது படங்களில் கதவுகளை மட்டும்தான் பார்க்கிறேன். பச்சைக் கதவு, பித்தளைக் குமிழ் வைத்த கதவு, பெயிண்ட் உரிந்த நீலக் கதவு. ஒன்று கவனித்தேன். எந்தப் படத்திலும் கதவு சாத்தியிருப்பதில்லை. எல்லாம் திறந்தே கிடக்கின்றன, உள்ளே வா வா என்று. சாத்திய கதவை எவன் படம் எடுப்பான்?

ஜூலை 18, வெள்ளி

பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். போட்டோகிராபர் பெயர் ஜோயல், சென்னைப் பையன், கூட ஒரு பெண். விடிந்ததும் வந்து வெயில் சாயும்வரை இருந்தார்கள்.

முதல் வேலையாக எங்களை வீட்டிலிருந்து அப்புறப்படுத்தினார்கள். என் மாத்திரை டப்பா, வாந்தி பக்கெட், மதினியின் பிளாஸ்டிக் நாற்காலி, வெந்நீர் ஃபிளாஸ்க் எல்லாம் பின்கட்டுக்குப் போயின. எங்களிடம் இல்லாத ஒரு பித்தளை உருளி வந்தது, அதில் அரளிப்பூ மிதந்தது. அடுப்படி மேடையில் பச்சை ஆப்பிள்கள். இந்த வீட்டில் பச்சை ஆப்பிள் எவன் தின்கிறான்?

“என்ன கண்றாவி இது, இருக்கிறத ஒளிச்சுவச்சுட்டு இல்லாதத வச்சுப் படம் எடுக்குறாய்ங்க?” என்றார் மதினி. சத்தமாகத்தான்.

என்னைப் பற்றி இவர் அவர்களிடம், “வீட்ல லீவுல இருக்காங்க,” என்று மட்டும் சொன்னார். தலையில் துணி கட்டியிருந்ததை அவர்களும் ஏதோ ஸ்டைல் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கடைசியில் படுக்கையறை வளைவுக்கு வந்தார்கள். “மேம், இந்தச் சேலையக் கொஞ்சம் கழட்டிரலாமா?”

“கழட்ட மாட்டேன்.”

“இந்திரா, அஞ்சு நிமிஷம்,” என்றார் இவர்.

“அந்த அஞ்சு நிமிஷம் நான் எங்கிட்டுப் போவேன்?”

முற்றத்திலிருந்து வெயில் சரிந்து சேலைமேல் விழுந்திருந்தது. காற்றில் அது மெல்ல உப்பியது, அடங்கியது. சுங்குடிப் புள்ளிகள் வழியாகத் தரையெல்லாம் நீல வெளிச்சம். ஜோயல் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“சார்,” என்றான், “இதுதான் சார் ஷாட்.”

அப்புறம் என்னையும் கூப்பிட்டான். “அளவு தெரியறதுக்கு ஒரு ஆள் நடந்து போகணும் மேம். முகம் தெரியாது. ஷட்டரை ரொம்ப நேரம் திறந்து வெச்சிருப்பேன். வீடு அசையாதுல்ல, அது ஷார்ப்பா விழும். நீங்க நடக்கறீங்கல்ல, புகை மாதிரிதான் விழுவீங்க.”

நடந்தேன். “இன்னும் மெதுவா மேம்.” திரும்ப நடந்தேன். கால் நடுங்கியது, அது அவனுக்குத் தோதாகவே இருந்தது போலிருக்கிறது. எடுத்ததைக் காட்டினான். ஒவ்வொரு செங்கல்லும் எண்ணுகிற மாதிரி தெளிவாக இருந்தது. சேலைக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் நிறக் கலங்கல். அதுதான் நான்.

“சூப்பரா வந்திருக்குல்ல மேம்?”

சூப்பர் என்றேன்.

ஜூலை 19, சனி

வீடு அசையாது, அதனால் அது படத்தில் விழும். நான் புகை. காலையிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 9, சனி

படங்கள் வந்துவிட்டன. அட்டையில் என் சேலை.

சிரிக்கிறதா என்ன செய்கிறது என்று தெரியவில்லை. ‘மனைவியின் பழைய சுங்குடிச் சேலையையே சுவராக்கியிருக்கிறார் இந்தக் கட்டடக் கலைஞர். மறைத்தும் மறைக்காத மெல்லிய எல்லை’ என்று எழுதியிருக்கிறார்கள். ஆணி அடித்தது நான். வயிற்றெரிச்சலில் அடித்த ஆணி அது. நெட்டில் அதற்குக் கீழே ஆயிரம் பேர் இதயம் போட்டிருக்கிறார்கள். திண்டுக்கல்லிலிருந்து ஒரு டாக்டர் போன் பண்ணி, அவர் வீட்டு மாடிக்கும் இதே மாதிரி சேலைத் தடுப்பு வேண்டுமாம், இதே நீலத்தில்.

“நான் அப்பிடிச் சொல்லவே இல்ல இந்திரா,” என்றார் இவர். முகம் கறுத்திருந்தது.

“இல்லைன்னும் சொல்லலையே.”

“எழுதிட்டாய்ங்க. என்ன செய்யச் சொல்ற?”

“கதவு போடச் சொல்றேன். அதான் படம் எடுத்தாச்சுல்ல.”

“இப்ப எப்பிடிம்மா? எல்லாரும் இதப் பாக்கத்தான் வர்றாய்ங்க. விருதுக்கு வேற பேரு போயிருக்கு. ஜூரி வந்து பாத்துட்டுப் போகட்டும்.”

கதவு கேட்டுக் கட்டிய சேலை, கதவுக்கே உலை வைத்துவிட்டது. என் கையாலேயே நான் அடித்துக்கொண்டது இது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

எழுதியே ஆகவேண்டும்.

மூன்றாவது ஊசிக்கு அப்புறம் உடம்பு தூக்க முடியவில்லை. வெக்கை தாங்காமல் தலைத்துணியை அவிழ்த்துவிட்டுப் படுத்திருந்தேன். ஹாலில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஒரு பெண் வந்து சேலையைத் தொட்டுப் பார்த்தாள். நிழல் தெரிந்தது. பிறகு அப்படியே விலக்கினாள். போனை நீட்டியபடி, வீடியோ ஓடிக்கொண்டிருக்க, உள்ளே காலடி வைத்தாள்.

என் மொட்டைத் தலையை, ஒழுகிய வாயை, திறந்து கிடந்த ரவிக்கையை எல்லாம் எடுத்துவிட்டாள்.

“ஐயோ சாரி,” என்றாள். பின்னால் திரும்பி, “இங்க ஆள் இருக்காங்க,” என்றாள்.

பக்கத்திலிருந்த கஞ்சி டம்ளரை எடுத்து வீசினேன். அவள்மேல் படவில்லை. சேலைமேல் பட்டது. “ஆள்தான்டி! ஆள் இருக்கிற வீடுதான்டி இது! வெளிய போங்க எல்லாரும்!” என்று கத்தினேன். சும்மா சொல்லக்கூடாது, இந்த வீட்டில் குரல் நன்றாகவே எதிரொலிக்கிறது. மதினி விளக்குமாற்றோடு ஓடிவந்தார். இவர் அந்தப் பெண்ணின் போனை வாங்கிப் படத்தை அழிக்க வைத்தார், அதுவரைக்கும் சரி. ஆனால் வாசலில் நின்று எல்லோரிடமும் என்ன சொன்னார் தெரியுமா?

“மன்னிச்சுக்கங்க. அவங்களுக்குக் காய்ச்சல்.”

காய்ச்சலாம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நேற்று முழுக்க மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. இன்றைக்கு ஒரு கட்டு வரைபடத்தோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். கதவுதான். கண்ணாடிக் கதவு. பாதி உயரத்துக் கதவு. ஓட்டை ஓட்டையாகப் பின்னிய மரக்கதவு.

“இதுல பாரு, காத்தும் வரும், நீயும் தெரிய மாட்ட. நிழலாத்தான் தெரிவ.”

“நிழலாவும் தெரியக்கூடாது. ஓட்டை இல்லாத கதவு வேணும்.”

“உள்ள உனக்கு ஏதாச்சும் ஆனா எனக்கு எப்பிடித் தெரியும்?”

“கூப்பிடுவேன்.”

“கூப்பிட முடியலைன்னா?”

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். தாள்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆர்க்கிடெக்டிடம் கதவு கேட்பதும் ஒன்று, கல்லில் நார் உரிப்பதும் ஒன்று.

ஆகஸ்ட் 20, புதன்

மதினி எனக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது தானாகவே ஆரம்பித்தார்.

“அவனத் திட்டாத இந்திரா. எங்கய்யா இருந்தாருல்ல, அவரு எங்காத்தாள அடிக்கணும்னா ஊரு பாக்க அடிக்க மாட்டாரு. மானஸ்தன். ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போயிக் கதவச் சாத்திருவாரு. நான் அடுப்படியில ஒளிஞ்சுக்குவேன். இவன் போயிக் கதவத் தட்டுவான். சின்னப் பய, அழுதுக்கிட்டே தட்டுவான். எம்புட்டுத் தட்டுனாலும் தொறக்காதுத்தா அந்தக் கதவு. கையி வீங்கிப்போயி வந்து எங்கிட்டப் படுத்துக்குவான்.”

கல்யாணமான புதிதில் இதைப் பாதி சொல்லியிருக்கிறார் இவர். ‘எங்க வீட்ல கதவு சாத்தினா நல்லது நடக்காது’ என்று. நான் அதற்கு மேல் கேட்கவில்லை. கைதட்டி வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாவம்தான். ஆனால் எனக்கு என்ன செய்வது? அவருக்குக் கதவு பயம். எனக்குக் கதவு இல்லாமல் மூச்சு முட்டுகிறது. இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தாக வேண்டும்.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஸ்கேன் முடிவு. டாக்டர் அறைக் கதவு நாம் உள்ளே போனதும் சத்தமில்லாமல் தானாகவே சாத்திக்கொள்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே டாக்டர் சொன்னதைக் கேட்டேன்.

“எதிர்பார்த்த அளவுக்குக் கட்டி கரையலம்மா. மருந்த மாத்திப் பாப்போம்.”

“மாத்தியும் கரையலைன்னா டாக்டர்?”

“முதல்ல மாத்துவோம்.”

இவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். வெளியே வந்ததும், “சரியாயிரும்,” என்றார். காரில் ஏறியதும், “சரியாயிரும்,” என்றார். கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும்போது, அந்த ஆஸ்பத்திரியில் மேற்கு ஜன்னலை அடைத்திருக்கக் கூடாது என்று சொன்னார். அவர் கையைக் கடித்துவிடலாமா என்று இருந்தது. ஸ்டியரிங்கை அப்படிப் பிடித்திருந்தார், விரல் முட்டியெல்லாம் வெளுத்துப் போய்.

எனக்குச் சாக இஷ்டமில்லை. இதை இதுவரை எழுதவில்லை. எனக்குச் சாக இஷ்டமில்லை, பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

அழவில்லை. எங்கே அழுவது?

செப்டம்பர் 2, செவ்வாய்

விருது ஜூரி ஞாயிற்றுக்கிழமை வருகிறார்களாம். சேலையைத் துவைத்து மறுபடி கட்டச் சொல்லி இவர் கேட்கவில்லை. ஆனால் கஞ்சிக் கறையை நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் சைட்டுக்குப் போனதும் மதினியிடம் சொன்னேன். “மதினி, எனக்கு ஒரு கதவு வாங்கிட்டு வாங்க. அழகா இருக்கக்கூடாது. மாட்டுக் கொட்டத்துக்குப் போடுவாங்கல்ல, அப்பிடி. ஓட்டை மட்டும் இருக்கக்கூடாது.”

மதினி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். “இதுக்குத்தான்டி இத்தன நாளாக் காத்துக்கிட்டு இருக்கேன்.”

செப்டம்பர் 5, வெள்ளி

கதவு வந்துவிட்டது. இடித்த வீட்டுச் சாமான் விற்கிற கடையில் மதினி பிடித்தது, நிலையோடு. வேப்ப மரம். யாரோ பச்சை பெயிண்ட் அடித்து, அதன்மேல் யாரோ பழுப்பு அடித்து, இரண்டும் உரிந்து கிடக்கிறது. கூடவே மாயாண்டி ஆசாரி. என் வீட்டுக்காரர் காலையிலேயே கிளம்பிப் போயிருந்தார். மதினி நிலைக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து மாவிலை கட்டினார். கேலி செய்ய வாயெடுத்தேன், செய்யவில்லை.

ஆசாரி வளைவின் அடியில் செங்கல்லைக் கொத்த ஆரம்பித்தார். முதல் கல் பெயர்ந்து விழுந்த நேரத்துக்கு இவர் வந்து நிற்கிறார். எதையோ மறந்துவிட்டுப் போனாராம்.

நான் தயாராக இருந்தேன். சொல்ல வேண்டியதையெல்லாம் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். அவரோ பெயர்ந்த கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அவர் அப்படித் தரையில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

“சார், நிலையத் தூக்கணும். ஒரு கை புடிங்க,” என்றார் ஆசாரி. யார் என்று தெரிந்து கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து இவர் எழுந்தார். கல்லை ஓரமாக வைத்துவிட்டு நிலையின் ஒரு காலைப் பிடித்தார். மதினி மறுகாலைப் பிடித்தார். “நீயும் ஒரு கை வையி,” என்று மதினி சொன்னதால் நானும் போய் வைத்தேன். அடியில் நவதானியம் போட்டு நிறுத்தினோம். வளைவுக்கும் நிலைக்கும் நடுவில் இருந்த இடைவெளியை ஆசாரி செங்கல் வைத்து அடைத்தார். பார்க்கச் சகிக்கவில்லை. ராஜா தலையில் முண்டாசு சரியாகக் கட்டாத மாதிரி இருந்தது.

தாழ்ப்பாள் மாட்டும்போதுதான் இவர் வாய் திறந்தார். “உள்பக்கம் தாழ்ப்பாள் வேணாம்.”

“வேணும்,” என்றேன்.

“இந்திரா...”

“வேணுங்க.”

ஆசாரி ஸ்குரூவைப் பல்லில் கடித்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இவர் குனிந்து, தரையில் கிடந்த தாழ்ப்பாளை எடுத்து ஆசாரி கையில் கொடுத்தார்.

சிமெண்ட் காயட்டும், நாளைக்குச் சாத்திக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு ஆசாரி போனார். கதவுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு விரல்கடை இடைவெளி விட்டிருக்கிறார். கேட்டால் மழைக் காலத்தில் மரம் உப்புமாம்.

செப்டம்பர் 6, சனி

மதினி காலையில் திருமங்கலம் போய்விட்டு நாளைக்கு வருவதாகக் கிளம்பினார். காப்பி குடித்தோம். பிறகு எழுந்து உள்ளே போனேன். கதவைச் சாத்தினேன். கீல் கிரீச்சென்றது. தாழ்ப்பாள் போட்டேன்.

இருட்டு. இந்த அறைக்கு முற்றத்து வெளிச்சம்தான், அது நின்றுவிட்டது. இந்த வீட்டில் பகலில் இருட்டு. கதவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொண்டு, சரி, இப்போது அழு என்று எனக்கு நானே சொன்னேன். வரவில்லை. இத்தனை நாள் முட்டிக்கொண்டு நின்றது, வா என்றதும் வரமாட்டேன் என்கிறது. வீம்பு. என் உடம்பில் எதுவுமே நான் சொன்னபடி கேட்பதில்லை.

வெளியே அவர் செருப்புச் சத்தம் கேட்டது. வந்து நின்றது. போனது. திரும்ப வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டும், அடி இடைவெளி வழியாக வந்த கொஞ்சம் வெளிச்சமும் மறைந்துவிட்டது. அப்போது அவர் போன் அடித்தது.

“ஆமாங்க, அறவாழிதான்... இல்லங்க, நாளைக்கு ஜூரி வர வேணாம். பேர எடுத்துருங்க... வீட்ட மாத்திட்டேன், இப்ப அது படத்துல இருக்கிற வீடு இல்ல... இல்லங்க, வேற தேதியும் வேணாம்.”

எதிர்ப்பக்கம் ஏதோ கேட்டிருக்கிறார்கள்.

“என் ஒய்ஃபுக்குக் கேன்சருங்க.”

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து இன்றைக்குத்தான் கேட்கிறேன். போனை வைத்த சத்தம் கேட்டது. அப்புறம் வேறொரு சத்தம். முதலில் இருமல் என்று நினைத்தேன். இருமல் இல்லை. அழுகை. வாயைத் துணியில் அமுக்கிக்கொண்டு, அதையும் மீறிக்கொண்டு வருகிற அழுகை. கதவு சாத்தியிருக்கிறது, எனக்குக் கேட்காது என்று நினைத்துவிட்டார். விரல்கடை இடைவெளியை ஆர்க்கிடெக்ட் மறந்துவிட்டார்.

“சரியாயிரும், சரியாயிரும்” என்று இத்தனை நாள் சொன்ன மனுஷன். பதினோரு வருஷத்தில் நான் அவர் அழுது பார்த்ததில்லை. அவருக்கு மட்டும் இந்த வீட்டில் அழ எங்கே இடம் இருந்தது? நான் எந்த மூலையிலிருந்தும் பார்த்துக்கொண்டே இருந்தேனே.

எழுந்து திறந்துவிடலாம் என்று கை தாழ்ப்பாள் வரை போனது. கையை இழுத்துக்கொண்டேன். திறந்தால் உடனே முகத்தைத் துடைத்துக்கொண்டு, காப்பி குடிச்சியா என்பார். அழட்டும். நன்றாக அழட்டும், அசிங்கமாக அழட்டும். அதற்குத்தானே கதவு. நான் முதுகைக் கதவோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் அவர் குலுங்குவது மரத்தில் தெரிந்தது. எனக்கும் வந்துவிட்டது. சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது. அப்புறம் அவர் எழுந்து போனார். குழாயில் தண்ணீர் திறக்கிற சத்தம் கேட்டது. நானும் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

செருப்புச் சத்தம் வந்து நின்றது. அந்தப் பக்கம் நின்றுகொண்டே இருந்தார். பிறகு தட்டினார். இரண்டு தட்டு, ரொம்ப மெதுவாக, மரத்துக்கு வலிக்கும் என்கிற மாதிரி. இந்த வீட்டில் யாரும் எதையும் தட்டிக் கேட்டதில்லை.

காக்க வைக்கக்கூடாது என்று தோன்றியது. உடனே தாழ்ப்பாளை இழுத்துத் திறந்துவிட்டேன்.